உரிமம்

சாங்கி சரக்கு வளாகம், இரவு இரண்டேகால்.
பெட்டியைத் திறந்ததும்
உப்பும் பாச்சை உருண்டையும் முதலில் வந்தன,
பிறகுதான் சிங்கம்.

மடித்துவைத்த போர்வைபோல் கிடந்தது.
பிடரி மட்டும் மடிய மறுத்து
ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது.
"தலைப்பக்கம் பிடிங்கக்கா" என்றான் நைனார்.

காகிதத்தில்: தான்சானியா. ஆண். ஒன்று.
ஆறு வயதுக்கு மேல்.
ஆறுக்குக் கீழே சுட்டிருந்தால் குற்றம்,
ஆறு முடிந்தால் ஒதுக்கீடு.
கைவிளக்கை மூக்கில் அடித்துப் பார்க்கிறேன்.
குட்டிக்கு இளஞ்சிவப்பாயிருக்கும் மூக்கில்
வருடம் ஏற ஏறக் கறுப்புப் புள்ளி விழும்.
இதற்குப் பாதிக்கு மேல் கறுப்பு.
பல்லின் எக்ஸ்ரேயும் அதையே சொல்கிறது.
பிறந்தநாளை யாரும் குறித்துவைக்காத ஒன்றுக்கு
வயது சரிபார்க்கிறேன்.

உரிமையாளர் திரு. க்வெக்
மாலையில் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார்.
புக்கித் தீமாவில் வீடு, சுவரில் இடம் தயார்.
"நான் கட்டிய பணம்தான் மேடம்
அந்தக் காட்டுக்கு மூன்று காவலர், ஒரு ஜீப்.
இல்லையென்றால் மாட்டுக்காரர்கள் விஷம் வைத்திருப்பார்கள்.
ஒன்றுக்கல்ல, மொத்தக் கூட்டத்துக்கும்."
பொய் என்று சொல்ல என்னிடம் எண் இல்லை.
மெய் என்று சொல்லவும் இல்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சிங்கத்துக்கு அப்படி எவரும் சொல்லிவைக்கவில்லை.
சினைமாட்டைப் பறிகொடுத்த வீட்டில்
உயிரோடிருக்கும் சிங்கத்தின் விலை
ஒரு புட்டி நஞ்சு.

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.
கார் வைத்துக்கொள்ளும் உரிமையைப்
பத்துப் பத்து ஆண்டாக ஏலத்தில் எடுக்கிறோம்.
வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது.
எண்ணி விட்டால்தான் எதுவும் மிஞ்சும் என்பதை
எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணாமல் விட்டதும் உண்டு.
மிளகுத் தோட்டங்களின் காலத்தில்
இதே தீவில் புலித்தலைக்குப் பரிசு வைத்தார்கள்.
மூக்கைப் பார்க்கவில்லை.
ஆணா பெண்ணா, பால்குடி மறந்ததா
கேள்வியே இல்லை.
கொண்டுவந்தவன் கையில் வெள்ளி.
கடைசிப் புலி
தான் கடைசி என்று தெரியாமலே செத்தது.
இப்போது நாட்டுச் சின்னத்தில் ஒரு பக்கம் நிற்கிறது,
மறுபக்கம் நிற்பது
இங்கே எந்நாளும் வாழ்ந்திராத சிங்கம்.

"அக்கா?" என்கிறான் நைனார்.
சரி. எல்லாம் சரி.
எண் பொருந்துகிறது, தேதி பொருந்துகிறது,
உரிமம் பொருந்துகிறது.
உரி என்றால் உரித்த தோல் என்பது
பன்னிரண்டு வருட வேலையில்
இன்றுதான் உறைக்கிறது.

மூடுமுன், விதிப்படி கூடாதுதான்,
கையுறையைக் கழற்றிவிட்டுப்
பிடரிக்குள் விரல்விட்டேன்.
ஏதோ குத்தியது.
ஓர் ஒட்டுமுள்.
எந்தப் புதரை உரசிப்போன நடையிலோ ஏறியது,
குண்டுக்கும் கத்திக்கும் உப்புக்கும் உதிராமல்
இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.
உள்ளே விதை.

வெளிநாட்டு விதைக்குத் தனி அனுமதி வேண்டும்.
தாள்களை மறுபடி புரட்டினேன்.
இல்லை.

"நிறுத்தி வை."
"எதுக்குக்கா, ஒரு முள்ளுக்கா?"

ஒரு முள்ளுக்குத்தான்.