மூன்றாம் பக்கத்தின் அடியில்

பார்ட்டன் வீதியில் என் கடை,
சலவைக்கடைக்கும் மூடிக்கிடக்கும் வங்கிக்கும் நடுவில்
ஒரு திறப்பின் அகலம்.
ஹமில்டனில் பூட்டுக்கு வெளியே நிற்பவன்
வீதியைப் பார்க்க மாட்டான்.
கைப்பேசியைத்தான் பார்ப்பான்.

அதனால் துவாரகன் ஒரு பக்கம் கட்டித் தந்தான்.
கல்லூரியில் இரண்டாம் வருடம்.
கூலி நூற்றியிருபது டொலரும்
அவன் காருக்கு ஒரு மாற்றுத் திறப்பும்.

எட்டு வாரம்.
கடையின் பெயரை முழுதாக எழுதித் தேடினாலும்
நயாகராவில் யாரோ விற்கும் சைக்கிள் பூட்டுத்தான் வந்தது.
கூகிளுக்கு விண்ணப்பம் போட்டோம்.
பதில்:
'கண்டறியப்பட்டது. தற்போது சேர்க்கப்படவில்லை.'
எனக்குச் சிரிப்பு வந்தது.
இதே தொனியில் ஒட்டாவாவிலிருந்து
நாலு வருடம் கடிதம் வாங்கியவள் நான்.

பிறகுதான் கண்டுபிடித்தான்.
சோதனைக்கென்று எழுதி அழிக்க மறந்த ஒரு வரி,
பக்கத்தின் நெற்றியில், ஆட்களுக்குத் தெரியாத இடத்தில்:
இதைச் சேர்க்காதே.
சிலந்தி வந்திருக்கிறது.
வாசலில் நின்று வாசித்திருக்கிறது.
சொல் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

சொன்னால் திரும்பிப் போகும் ஒன்றை
நான் அதுவரை அறிந்ததில்லை.

வரியை அழித்தான்.
"அக்கா, உங்கட பெயரும் படமும் போடுவம்.
நம்பிக்கை வரும், பக்கம் மேல ஏறும்."
வேண்டாம் என்றேன்.
பதினொரு வருடமாக
ஒவ்வொரு பட்டியலாகத் தேடித் தேடி
என்னை வெளியே எடுத்திருக்கிறேன்,
குதிக்காலில் ஏறிய முள்ளை
ஊசியால் கிளறி எடுப்பது போல.
கடை அகப்படட்டும்.
நான் அகப்படக் கூடாது.

அவன் ஏன் என்று கேட்கவில்லை.
பெயர் போட வைத்திருந்த இடத்தில்
ஒரு வரி மட்டும் எழுதச் சொன்னேன்:
வருவது பெண்.

பெப்ரவரி. மைனஸ் பத்தொன்பது. இரவு இரண்டே கால்.
கெனில்வர்த் பக்கமிருந்து ஒரு குரல்,
பக்கத்தில் பிள்ளை நித்திரை போல, அடங்கி.
பூட்டை மாற்ற வேண்டும்.
அவர் வேலை முடிந்து வர முன்னம். ஆறு மணிக்குள்.
எப்படி என்னைப் பிடித்தீர்கள் என்றேன்.
மூன்றாம் பக்கத்தில், ஆகக் கடைசியில்.
அவ்வளவு தூரம்
இறங்கி வந்திருக்கிறாள்.

வானுக்குள் ட்ரில்லின் பற்றரி செத்துக் கிடந்தது.
அதை ஜாக்கெட்டுக்குள் செருகி
வயிற்றுச் சூட்டில் வைத்தபடி ஓட்டினேன்.

எத்தனை திறப்பு வேண்டும் என்று கேட்டேன்.
ஒன்று போதும் என்றாள்.