சொற்கையேடு: மூன்றாம் திருத்தம்

எண்பத்தாறு சொற்கள்.
கால்வாய் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தோடு
இணைப்பு ஐந்தாக இதுவும் போகவேண்டுமாம்.
குலவணிகர்புரத்தில் என் கடை. தட்டச்சும் பிழைதிருத்தமும் என் வேலை,
எது பிழை என்று முடிவுசெய்வது இல்லை.

மாசு. மாசகற்றல். கசடு. படிவு.
உயிரிவழிச் சீராக்கம்:
இந்தச் சொல் மட்டும் வரி முறிந்து
பக்கத்துக் கட்டத்துக்குள் காலை நீட்டியது.
எழுத்தைச் சிறிதாக்கினேன். அடங்கியது.

முதல் திருத்தத்தைக் கொடுக்கப் போனபோது
பாளையங்கால்வாயில், மேலப்பாளையம் பாலத்தடியில்
வேலை நடந்துகொண்டிருந்தது.
மேஸ்திரி தங்கப்பழம் கரையில் நின்றே வாசித்தார்:
"மிதவைக் கழிவு."
இடுப்பளவு தண்ணிக்குள் நின்றவன் நிமிர்ந்தான்.
"செருப்பு, குப்பி, தெர்மாகோல், கண்ணாடி போட்ட சாமி படம்,
இம்புட்டுக்கும் ஒரே பேரா?"
"ஒரே பேருதாம்ல."
"அடியில கெடக்குறதுக்கு?"
"படிவு."
"படிவமா? அதத்தான் மூணு மாசமாக் குடுக்கோம்,
கையுறை கேட்டு."

எதிர்வீட்டு மைதீன் பாத்து
கைக்குழந்தையோடு சன்னலுக்கு வந்தாள்.
"மொதல்ல அமலைய அள்ளுங்க. கொசு புள்ளையத் தூக்கிட்டுப் போவுது."
என் பட்டியலில் அது ஆகாயத்தாமரை.
கடைக்கு வந்து அகராதியைப் பிரித்தேன்.
அமலை: மிகுதி. ஆரவாரம். சோற்றுத் திரள்.
கீழே, வேறொரு வேரிலிருந்து: மாசில்லாதவள்.
பூவைப் பார்த்தால் நம்பலாம்,
வெளிர் ஊதாவில் ஒரு மஞ்சள் கண்.
முழங்கால் நீள வேர்தான்
ஊர்ச் சாக்கடை முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அறுபத்தொன்றாவது சொல்: துர்நாற்றம்.
தண்ணிக்குள் நின்றவன் பெயர் நாறும்பூ.
பதிவேட்டில் நாறும்பூநாதன், ஆ.,
திருப்புடைமருதூர்க்காரன். சாமி பெயர்.
அந்தச் சொல் வந்ததும் மேஸ்திரி வேண்டுமென்றே இழுத்து வாசித்தார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.
அவன் சகதிக்குள்ளிருந்து ஆஸ்பத்திரிப் பை ஒன்றை இழுத்து
உள்ளே ஊசி கிடக்கிறதா என்று
வெறுங்கையால் தடவிக்கொண்டே சொன்னான்:
"யக்கா, எம் பேருல நாறுதது பூவு."

தெரியும்.
மணத்துக்கும் நாற்றம் என்றே பெயர், ஒருகாலத்தில்.
பிறகு யாரோ எதையோ கொட்டினார்கள்,
கொட்டினார்கள்,
சொல் கறுத்துப்போனது.
எந்த வீட்டுக் குழாய் அதற்குள் திறக்கிறதென்று
யாரும் போய்ப் பார்க்கவில்லை.
என் கடையில் மை கழுவிய தண்ணீர் எங்கே போகிறதென்று
நானும் அன்றுவரை பார்த்ததில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன்.
போகிறது. அங்கேதான்.

இரண்டாம் திருத்தத்தில்
ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில் அமலையைச் சேர்த்தேன்.
கடைசியில் கேட்காமலே ஒரு வரி போட்டேன்:
எண்பத்தேழு. கையுறை.
பொறியாளர் அமலையை விட்டுவிட்டார்.
கையுறையைச் சிவப்பில் அடித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்:
"இது கலைச்சொல் அல்ல."

எடுத்துவிட்டேன். மூன்றாம் திருத்தம் முடிந்தது.
ஐந்நூறு பிரதி. மூட்டையைப் பாலத்தடியில் இறக்கியபோது
முதல் பிரதியை நாறும்பூவிடம் நீட்டினேன்.
சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.
அறுபத்தொன்றைத் தேடினான் என்றுதான் நினைக்கிறேன்,
உதடு அசைந்தது.
அப்புறம் அதை இரண்டாக மடித்து
உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு
தண்ணிக்குள் இறங்கினான். உடைந்த சாமி படத்துக் கண்ணாடி
இன்னும் அடியில் கிடந்தது.

நூற்றிருபது ஜிஎஸ்எம் தாள்.
நான் தேர்ந்தெடுத்ததுதான்.
கொஞ்ச நேரம் தாங்கும்.