கடைமடை

கல்லணை திறந்து ஆறாம் நாள்.
கூத்தாநல்லூர் பெரிய கடைத்தெருவில்
மொபெட்டை நிறுத்தி
மைமூன் வீட்டுப் படியேறும்போது
என் பையில்
வழவழப்பான தாளில் மடித்த ஏழு நாடுகள்.

பிரேசில், இந்தோனேசியா, மெக்சிகோ,
தென்னாப்பிரிக்கா, தைவான், போலந்து.
கடைசியில், பொடி எழுத்தில், வியட்நாம்.

அவள் விரல் நேராக அங்கே போனது.
"இங்கேயா?"

மாமனார் ஹனீபா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர்.
எழுபத்தைந்தில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.
சட்டை இரண்டு. மீதியெல்லாம்
எந்த வங்கியும் மாற்றித் தராத நோட்டு.
அதில் ஒரு கட்டு இன்னும் இருக்கிறது,
ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டாக.
அந்த மேஜையில்தான் எனக்கு டீ வைத்தாள்.
டீ சிந்தவில்லை.

படித்துவந்த பாடத்தை ஒப்பித்தேன்.
இளைய நாடுகள், புதிய சாலைகள்,
வேலைக்கு வரிசையில் நிற்கும் கைகள்;
பத்து வருடத்தில் மூன்று மடங்கானதும் உண்டு,
பாதியானதும் உண்டு.
"எது உண்டு?"
இரண்டும், என்றேன்.

மன்னார்குடி சாலை மனை விற்ற பதினெட்டு லட்சம்
எங்கள் இருவருக்கும் நடுவே
மூன்றாவது ஆள் போல உட்கார்ந்திருந்தது.

"போறது சரி வசுமதி.
எப்ப வரும், எப்ப நிக்கும்னு
யார் கையில இருக்கு?"

அதற்குத் தாளில் பதில் இல்லை.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பைச் சொன்னேன்.
லஸ்கர் ஷட்டரை நாலு திருகு இறக்கினால்
தலைமடையில் விரற்கடை குறையும்,
கடைமடையில் நாற்றங்கால் வெடிக்கும்.
எங்கோ ஒரு குளிர் நாட்டில்,
கதவு சாத்திய அறையில்,
வட்டியைக் கால் சதவீதம் ஏற்றுகிறார்கள்.
முதலில் வற்றுவது இந்த ஏழு பேரின் வாய்க்கால்.

"அப்புறம் ஏன் கடைமடையில வெதைக்கிறான்?"

மா விலை அங்கே பாதி, என்றேன்.
தண்ணீர் வந்துவிட்டால் நெல் நெல்தான்.
தலைமடை நெல்லுக்கு ஒரு விலை
கடைமடை நெல்லுக்கு ஒரு விலை என்று
கொள்முதல் நிலையத்தில் பிரிப்பதில்லை.

சிரித்தாள்.
நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது.
திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே
இரண்டு வருடம் நட்டதெல்லாம் கருகி
திருப்பூர் பஸ் ஏறிய என் அண்ணன் ராசப்பனை
அந்தப் பதிலில் சேர்க்கவில்லை.

"உனக்கு இதுல எவ்வளவு?"
நூற்றுக்கு ஒரு ரூபாய். கொஞ்சம் குறையும். வருடா வருடம்.
"நான் தோத்தாலுமா?"
தோற்றாலும்.

அதற்குப் பிறகு
அண்ணனையும் சொல்லிவிட்டேன்.

மளிகைச் சீட்டைத் திருப்பிப் போட்டுப்
பென்சிலால் எழுதினாள்:
தபாலாபீஸ் பன்னிரண்டு. நகை நாலரை.
மிச்சம் ஒன்றரையை வட்டம் போட்டு
என் பக்கம் தள்ளினாள்.
"இது முழுசா போனா
சோறு நிக்காது.
தூக்கம் ஒரு வாரம் நிக்கும். நின்னுட்டுப் போவுது."

பதினெட்டையும் கேட்டு வந்தவள் நான்.
ஒன்றரைக்கு என் பங்கு என்னவென்று
மனசு தானாகப் பெருக்கியது.
பெட்ரோலுக்கு ஆகும்.

குறைந்தது எட்டு வருடம் எடுக்கக்கூடாது, என்றேன்.
"ஒருத்தன புருனேக்கும் ஒருத்தன டொரண்டோவுக்கும் அனுப்பிட்டு
பதினோரு வருஷமா
எடுக்காமத்தான் இருக்கேன்."

கையெழுத்துகள் போட்டாள்,
எல்லாம் ஒரே சாய்வில்.
வாரிசுதாரர் கட்டத்தில் பேனா நின்றது.
இது இல்லாமல் ஏற்கமாட்டார்கள், என்றேன்.
"தெரியுது. ஒரு வாரம் குடு.
பெருநாளைக்கு எவன் வர்றான்னு பாக்கணும்."

திரும்பும் வழியில் வெண்ணாற்றுப் பாலத்தில் நின்றேன்.
புதுத்தண்ணீர் வந்திருந்தது:
முன்னால் நுரை, பின்னால் வைக்கோல்,
ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில்.
மணலில் ஒரு குழியைக் கண்டால் நின்று
அது நிரம்பும் வரை நகரவில்லை.
பார்த்துக்கொண்டிருந்த ஒருவன்
"நாளைக்கு எங்கூருக்கு வந்துரும்" என்றான்,
என்னிடமா போனிடமா தெரியவில்லை.

என் போனும் அதிர்ந்தது.
ஹனோய் சந்தை, இன்று மட்டும்,
ஒன்றரை சதவீதம் கீழே.

பையில் படிவம்.
மேஜைக்கு அடியில் அந்தக் கட்டு
இந்நேரம் என்ன விலை போகும் என்று
சும்மா ஒரு கணக்குப் போட்டேன்.