பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

கைதட்டலைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது.
அழுகையையும்.
இருபத்திரண்டு வருடமாக இந்த மாவட்டத்தின்
கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவள் நான்.
பெயர், முகவரி, ஆதரவா எதிர்ப்பா,
மூன்று நிமிடம், மணி.
விதி அவ்வளவுதான்.

அன்று நீதிமன்ற அறை போதாமல்
தீயணைப்புக் கொட்டகையில் கூடினோம்.
சிவப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
மடக்கு நாற்காலிகளை விரித்திருந்தார்கள்.
டெக்சஸில் ஆகஸ்ட்.
இரவு ஏழு மணிக்கும்
தகரக் கூரையில் சோளம் பொரிக்கலாம்.

நிறுவனத்து இளைஞன்
திரையில் நீலமாக ஒரு கோடு இழுத்தான்.
முப்பத்தொரு மைல்.
நாளொன்றுக்குப் பத்தொன்பதாயிரம் வண்டிகள் என்றான்,
தன் வயதைச் சொல்வதுபோல, தடங்காமல்.

ரெமிஜியோ கான்டு எழுந்தார். எதிர்ப்பு.
சட்டைப்பையிலிருந்து
ஆடு எண்ணும் கருவியை எடுத்து மேஜையில் வைத்தார்.
"போகி கிராசிங்கில் பதினொரு நாள் உட்கார்ந்தேன்,
விடியலில் இருந்து இருட்டும்வரை.
நாலாயிரத்து ஐநூற்று முப்பத்திரண்டு.
நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு,
அதில் பாதி என் மருமகன்."
சிரிப்பு.
(சிரிப்பும் கூடாது. அடித்துவிட்டேன்.)

அடுத்து ஒட்டிலி வாவ்ரா,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஒப்பந்தம் அறுநூறு பக்கம்;
பிள்ளைகள் இறங்கிப் போன பேருந்தில்
தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள்.
"பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு" என்றாள்.
"போக்குவரத்து மதிப்பீட்டுக்குக் குறைந்தால்
குறைவை மாவட்டம் ஈடுசெய்யும்.

அதாவது,
வராத வண்டிக்கும் சுங்கம்.
வராதவன் கட்ட மாட்டான்.
வந்து உட்கார்ந்திருக்கிற நாம் கட்டுவோம்.
முப்பத்தைந்து வருடம்.
திங்கட்கிழமை என் படியில்
முதல்முறை கால் வைக்கிற ஆறு வயது
நாற்பத்தொன்றில் கட்டி முடிக்கும்."

சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம் என்பார்கள்.
இங்கே காயே இல்லை,
கூலி மட்டும்.

மணி அடித்தேன்.
அவள் நிறுத்தவில்லை.
மணிக்குப் பிறகு எழுதக் கூடாது, எழுதவில்லை.
மணிக்குப் பிறகு கேட்கக் கூடாது என்று
எந்த விதியும் இல்லை.

முப்பத்தாறு பேர் எதிர்ப்பு.
முப்பத்தேழாவது டெல்பர்ட் ஹ்ருஸ்கா.
"ஆதரவு" என்றார்.
நாற்காலிகள் கிரீச்சிட்டன.
"மூன்று கோடையாக வைக்கோல் இல்லை.
வங்கிக்காரன் என்னை இப்போது
முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
அந்தக் கோடு என் நிலத்தின் நடுவே போகிறது.
உங்களில் யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்,
நாளைக்கே எதிர்க்கிறேன்."

அவருக்கு மீதி இரண்டு நிமிடம் இருபது விநாடி.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒட்டிலி
காகிதத்தை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக.

வாக்கு: மூன்றுக்கு இரண்டு.
சாலை வருகிறது.

"சுருக்கமாக எழுதுங்கள்" என்றார் தலைவர்,
தொப்பியைத் தேடிக்கொண்டே.
பொதுமக்கள் கருத்துத் தெரிவித்தனர் என்று எழுதினேன்.
நான்கு மணி நேரம், மூன்றே சொல்.

ஆனால்
கூட்டத்தில் வைக்கப்பட்ட பொருள் எதுவானாலும்
பட்டியலில் ஏற வேண்டும். அதுவும் விதி.
ரெமிஜியோ எடுத்துப் போகவில்லை.
எழுதினேன்:
இணைப்பு ஏழு. எண்ணும் கருவி ஒன்று.
காட்டும் எண்: 4532.

நள்ளிரவில் போகி கிராசிங் வழியாக வீடு திரும்பினேன்.
முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.
தூரத்தில் ஹ்ருஸ்கா வீட்டுச் சமையலறையில் விளக்கு.
கருவி பக்கத்து இருக்கையில்.
எனக்காக ஒருமுறை அழுத்தலாமா என்று
கட்டைவிரல் போனது.

அழுத்தவில்லை.
பதிவான பொருளில் கை வைக்கக் கூடாது.