ஆறு, ஏழு, ஒன்பது

கப்பலின் சாப்பாட்டு மேசையில்
மூன்று தாள்கள்.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒன்றின்மேல் உப்புக் குப்பி,
ஒன்றின்மேல் கைப்பேசி,
மூன்றாவதின்மேல் என் முழங்கை.

ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகம். விடிகாலை நாலரை.
ஸ்க்ராப்ஸ்டருக்கு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.
அதுவரை கயிறுகளுக்கும் எனக்கும் ஓய்வு.

நிலை ஆறு, உதவியாளர்.
நிலை ஏழு, பணியாளர்.
நிலை ஒன்பது பட்டம்:
வேலை பார்த்துக்கொண்டே படித்தால்
முடிக்கும்போது எனக்கு நாற்பத்தெட்டு.
எட்டு எங்கே என்று கேட்டேன்
கல்லூரியின் இங்கா ரெண்டலிடம்.
இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்றாள்.
எட்டு யாருக்கும் எட்டவில்லை போலும்.

எங்கள் தொழிலில் நிலை என்றால் வேறு.
விழுந்தால் கால் நிலைக்குமா,
நிலைக்காதா,
அவ்வளவுதான்.

தோர்ஃபின் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தான்.
"மூக்குத் துடைத்துவிடவா ஒரு சான்றிதழ்?"
உயிர்ப்படகை இறக்க ஒரு தாள்,
தீயணைக்க ஒரு தாள்,
நீரில் விழுந்தவனைத் தூக்க ஒரு தாள்
என் அலமாரியில் கிடக்கிறது;
அவனுடையதிலும் கிடக்கிறது.
அதற்கெல்லாம் அவன் சிரித்ததில்லை.
சொல்லவில்லை நான்.
தேநீர் கொண்டுவந்தவனிடம்
என்னத்தைச் சொல்ல.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும்
அவன் முகத்தில் இருந்தது:
நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை,
சொந்தப் பிள்ளை கிடையாது,
எதற்கு?
விண்ணப்பமும் அதைத்தான் கேட்கிறது,
காவல்துறைச் சரிபார்ப்பு என்ற பெயரில்.
கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும்.

ஜனவரியில் ஒரு வாரம்
மழலையர் மையத்தில் சும்மா இருந்து பார்த்தேன்.
கதை சொல்வேன் என்று நினைத்துப் போனேன்;
தாடியைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்கள்.
ஒருத்தி ஈரக் காலணியை நீட்டினாள்.
இடதை வலதில் மாட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல்
காலை நீட்டியபடியே காத்திருந்தாள்,
எனக்கு உறைக்கும் வரை.

வெள்ளிக்கிழமை
ரூனா, பதினோரு மாதம்,
என் கால்சட்டைத் துணியைப் பற்றி எழுந்தாள்.
பிறகு விட்டாள்.
நின்றாள்.
நான் கத்தப் போனேன்.
"வேண்டாம், திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள்,"
என்றாள் கர்ஸ்டன். இருபத்திரண்டு வயது.
பக்கத்தில் ஒருவனுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டே,
தலை நிமிராமல்:
"செவ்வாயிலிருந்தே பெஞ்சோரம்
ஒரு கையை விட்டுப் பார்க்கிறாள்.
நேற்று இரண்டு கையும், மூச்சு விடும் நேரம்.
இடது காலை நம்புகிறாள், வலதை இன்னும் இல்லை."

நான் பார்த்தது ஒரு குழந்தை நின்றதை.
அவள் பார்த்தது நான்கு நாளை.

உன்னிடம் எந்தத் தாள் என்று கேட்டேன்.
ஏழு, என்றாள். ஒன்பதும் நடக்கிறது,
ராத்திரியில், தூக்கம் வராவிட்டால்.
வராவிட்டால் என்பதற்குச் சிரித்தாள்.
கண்ணடியில் கறுப்பு இருந்தது.

சம்பளம் கப்பலைவிடக் குறைவு.
எவ்வளவு குறைவு என்று
மின்கட்டண உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
உறையைத் திருப்பி வைத்தேன்.
இரண்டு வயதுக்குள் மூன்று குழந்தைக்கு ஒருவர்,
அது சட்டம்.
கப்பலில் எத்தனை பயணிக்கு நான் ஒருவன்
என்று யோசித்ததே இல்லை;
அவர்கள் யாரும்
என்னைப் பிடித்து எழுந்ததும் இல்லை.

ஏழில் குறி போட்டேன்.
ஆறில் தொடங்கு என்றால் ஆறு.
'இந்தப் பணியை ஏன் விரும்புகிறீர்கள்,
இருநூறு சொற்களில்' என்ற கட்டத்தில்
காலணி பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறேன்.
மீதி இடம் வெறுமையாக, அகலமாக.

ஐந்தே முக்கால்.
எஞ்சின் முணுமுணுக்கிறது, உப்புக் குப்பி நடுங்குகிறது.
மேலங்கியை மாட்டிச் சரிவுப் பாலத்துக்கு இறங்கினேன்.
கார்கள் வரத் தொடங்கிவிட்டன, விளக்கோடு, மழையோடு.
முதல் காரின் பின்னிருக்கையில்
யாரோ வீறிட்டு அழுகிறார்கள்.
பசி அழுகையா, தூக்க அழுகையா?
கைகாட்டி உள்ளே அனுப்பினேன்.
தெரியவில்லை.
இன்னும் தெரியவில்லை.