ஒரு கால்

விளம்பி வருஷம், ஆனி மாதம்.
வைகையில் மணலைத் தோண்டினால் மணல்.
கீழைவாசல் சாவடியில்
ஆள் ஓலை எழுதுகிறவன் நான், தெய்வச்சிலை.
தலைக்கு ஒரு காசு எனக்கு,
இரண்டு பணம் அரண்மனைக்கு.
பசி முற்ற முற்ற வரிசை நீண்டது.
தளவாய் ஆயத்துக்கு அந்த வருஷம்
அது ஒன்றுதான் மகசூல்.

வாசகம் மாறாது.
கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளமட்டும்
இன்னார் மகள் இன்னாள்
மீளா ஆள்.
வைகைக்கரையில் நின்றுகொண்டு
காவேரி எதற்கு என்று நான் கேட்டதில்லை.

சடைச்சியைக் கூட்டிவந்தவன் அவள் கொழுந்தன்.
வாங்குகிறவர் மடத்துக் காரியக்காரர்,
நெற்றி கொள்ளாத நீறு.
நந்தவனத்துக்கு என்றார்.
நந்தவனத்துக்கு வாங்கிய பதினோரு பேர்
தூத்துக்குடியில் ஒல்லாந்தர் கப்பல் ஏறியது
சாவடித் தூணுக்கும் தெரியும்.
விலை ஏழு பணம், ஒரு மரக்கால் வரகு.
தோளில் சூலம் சுட
அடுப்பில் கம்பி பழுத்துக் கிடந்தது.
பக்கத்துக் கோயிலில் பூசைவேளை.
யாரோ உருகி உருகி
அடியேன், அடியேன் என்று பாடினார்.
அவள் என்னைக் கேட்டாள்:
'அங்க பாடுறவருக்கு எத்தன பணம் குடுத்தாக?'

எழுத்தாணி நின்றது.
பிறகு எழுதினேன்.
மீளா என்பதில்
ளகரத்தை அடுத்து வரும் காலைக் கீறவில்லை.
அவ்வளவுதான்.
மீள ஆள்.
கரி தடவ எழுத்தெல்லாம் எழுந்து வந்தது,
அந்த இடம் மட்டும் வெறும் ஓலை.
நறுக்கைக் கட்டும்போது குனிந்து சொன்னேன்:
ஏழு பணம் சேர்ந்தால் வா.

காய்ச்சல்காரி என்று
கரையிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
மூன்றாம் வருஷம் வந்தாள்,
முந்தானையில் ஏழு முடிச்சு.

சாவடியில் ஓலையை அவிழ்த்தார்கள்.
முதலில் படித்தவர் மீளா என்றார்.
அடுத்தவர், மீளா.
மணியக்காரர் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு
மீளா என்றார்.
இல்லாத காலை
எல்லார் கண்ணும் போட்டுக்கொண்டது.

அங்கே கால் இல்லை என்றேன்.
காரியக்காரர் சிரித்தார்.
கைப்பிழை, பாவம்,
கணக்கருக்கும் கஞ்சி இல்லாத நாள் அது.
கயிறு வீசினார், பிடித்திருக்கலாம்.
மணியக்காரர் என் பக்கம் திரும்பினார்:
பிழையா?

பிழை இல்லை.

வலக்கைப் பெருவிரலை எடுத்துக்கொண்டார்கள்.
சடைச்சி யானைமலைப் பக்கம் நடந்தாள்,
திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்?

யாரும் என்னைக் கும்பிட வேண்டாம்.
அந்த விளம்பியில் மட்டும்
அறுபத்திரண்டு ஓலை எழுதினேன்.
மற்ற அறுபத்தொன்றிலும் கால் இருக்கிறது,
நேராக,
என் கையெழுத்து அழகு என்பார்கள்.