பெயர் வாசிக்கும் ஞாயிறு

எங்கள் வவாவு தீவில்
ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மிசினாலே.
கோயிலுக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று
பெயரையும் தொகையையும் சேர்த்தே வாசிப்பார்கள்,
கூரைத் தகரம் அதிர.

பதினோரு வருடம்
முதல் பெயர் என்னுடையது: மானசே.
அதற்காகப் பன்றிகளை விற்றேன்.
நியூசிலாந்தில் பழம் பறிக்கும் மகன்
மழைக்காலணி வாங்க வைத்திருந்ததையும்
கேட்டு வாங்கினேன்.
இரண்டாம் பெயர் இசிலெலி.
அவன் தொகை வாசிக்கப்படும்போது தலை குனிந்திருப்பேன்.
ஜெபிக்கிறேன் என்று நினைப்பார்கள்.
கழித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் புயல்
இசிலெலியின் படகைத் தூக்கிப்
பாறைமேல் வைத்துவிட்டுப் போனது,
இரண்டு துண்டாக.

மாதக்கணக்காய்ப் போதகர்
ஒரே சொல்லைத்தான் பிசைந்துகொண்டிருந்தார்:
சுயம் சாகவேண்டும்.
சரி, சாகட்டும் என்றேன்.
எதையும் பெரிதாகச் செய்தே பழகியவன் நான்.
என் மூவாயிரத்தை உறையிலிட்டு
அதன்மேல் இசிலெலி என்று எழுதினேன்.
என் பெயரிட்ட உறையில் இருபது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
சாகப் போகிறவனுக்கு
அவ்வளவு நல்ல தூக்கம் வரக்கூடாது என்று
அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு. இடுப்பில் பாய் சுற்றி
எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.
"மானசே, இருபது."
பின்வரிசையில் ஓர் இருமல்.
விசிறிகள் நின்றன.
என் மனைவி லுசெயானே
தன் கால் பெருவிரலைப் பார்த்தாள்.
உள்ளே நான்
ரகசியமாய் ஒளிர்ந்துகொண்டிருந்தேன்.

"இசிலெலி, மூவாயிரத்து நாற்பது."

கைதட்டல் முடியுமுன் அவன் எழுந்தான்.
துடுப்பு இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.
"நாற்பதுதான் என்னுடையது.
மற்றது எனதல்ல. அடித்துவிடுங்கள்."
உட்கார்ந்தான்.
வலையை உதறி மடித்து வைப்பதுபோல,
அவ்வளவுதான்.

ஆண்டவரே,
ஒரு வாரம் நான் ஒத்திகை பார்த்த சாவை
அவன் மூச்சு விடுவதுபோல்
செத்துக் காட்டிவிட்டான்.

"அப்படியானால் இது யாருடையது?"
போதகர் உறையை உயர்த்திப் பிடித்தார்.
என் கையெழுத்து அதில் கொழுத்துக் கிடந்தது.
என் நாக்கு எழுந்து நின்றது.
முழங்கால்கூட அசைந்தது.
பதினோரு வருடம் நான் ஊட்டி வளர்த்தவன்
தொண்டைக்குள் வந்து நின்று
சொல்லிவிடு, ஒரே ஒரு தடவை,
என்று கெஞ்சினான்.

சொல்லவில்லை.
வீரம் இல்லை அது.
வெட்கம் அவன் வாயைப் பொத்தியது.

"பெயர் இல்லை. மூவாயிரம்."
எழுதிக்கொண்டு
அடுத்தவருக்குப் போனார்கள்.

திங்கள் காலை வள்ளிக்கிழங்குத் தோட்டம்.
மண்ணை விலக்கினால்
தொடைப் பருமனில் புதுக்கிழங்கு.
அதன் தலைமாட்டில்
நான் ஊன்றியிருந்த விதைத்துண்டு
அழுகி, உள்ளே ஒன்றுமில்லாமல்,
ஈரத் தோலாய்.
விரலால் தொட்டேன். நசுங்கியது.
எவ்வளவு நேரம் அங்கே குந்தியிருந்தேனோ,
எறும்பு கடித்துத்தான் எழுந்தேன்.

பிறகு இசிலெலி வீட்டுக்குப் போனேன்,
மன்னிப்பு ஒன்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டு.
பலகை அறுத்துக்கொண்டிருந்தான்.
வாய் திறக்குமுன்
"அந்த முனையைப் பிடி" என்றான்.
பிடித்தேன்.
மாலைவரை இருவர் இமைகளிலும் மரத்தூள்.
அவனுக்குத் தெரியுமா?
கேட்கவில்லை.

செத்துவிட்டேன் என்று சொன்னால்
லுசெயானே சிரிப்பாள்.
இன்றும் சேவலுக்கு முன்னே
பழைய மானசே எழுந்து உட்கார்ந்து,
நேற்று நீ பலகை பிடித்ததை
யாராவது பார்த்தார்களா என்கிறான்.
வாடா என்று
அவனையும் கூட்டிக்கொண்டு
மண்வெட்டியுடன் போகிறேன்.